சிவப்புக் கொடியேற்று விழா

என்னை ஊர் அபாயக் குழுவில் சேர்த்ததற்கு ஒரே காரணம், என்னிடம் சொந்தமாக ஒரு விசில் இருந்ததுதான். வாரத்தில் ஆறு நாள் நான் சைக்கிள் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர்ப் பந்தாட்டத்துக்கு நடுவர். மாவட்ட அலுவலகம் பதினோரு ஊர்களுக்கு விசில் அனுப்பியதில், எங்கள் ஊரான ஞாருவேக்கு வரவேண்டிய விசில் வழியில் எங்கோ தொலைந்துபோனது. 'விசில் வைத்திருக்கும் நபரை உறுப்பினராகத் தேர்வு செய்துகொள்ளவும்' என்று கடிதம் வந்தது. ஊரில் இன்னொரு விசிலும் இருந்தது. ஆனால் அது மாதா கோயில் பாட்டுக்குழுவின் சொத்து. இப்படித்தான் ஆற்றங்கரையில் வசிக்கும் ஆயிரத்து நானூறு பேரின் உயிரும் செலஸ்தீனோ என்கிற என் கைக்கு வந்து சேர்ந்தது.

விசிலைத் தவிர மற்றதெல்லாம் அலுவலகமே கொடுத்தது. ஓர் ஆரஞ்சு நிற மேலங்கி, ஒரு மெகாபோன், ஒரு கையேடு, கொடிகள். மெகாபோனுக்கு பேட்டரி இல்லை. பேரிடர் வந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டபின் பேட்டரி வழங்கப்படும் என்றார்கள். கொடிகள் மொத்தம் மூன்று. நீலம் என்றால் புயல் இரண்டு நாள் தூரத்தில் இருக்கிறது. மஞ்சள் என்றால் ஒரு நாள் தூரம். சிவப்பு என்றால் எல்லோரும் வீட்டை விட்டுக் கிளம்பி மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும். நீலத்தையும் மஞ்சளையும் எங்களிடம் கொடுத்துவிட்டு, சிவப்பை மட்டும் மாவட்ட அலுவலகப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

"சிவப்பு பொறுப்பான நிறம்," என்று பயிற்சி வகுப்பில் விளக்கினார் பொறியாளர் எர்மெனெஜில்தோ. மாவட்டத்துக்கு அவர்தான் அபாய ஒருங்கிணைப்பாளர். "இதை உங்ககிட்ட விட்டு வச்சா, மழை தூறினாலே ஏத்திடுவீங்க."

கையேட்டின் நான்காம் பக்கத்தில் 'வெளியேறுவதா, வீட்டிலேயே இருப்பதா?' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே கட்டமும் அம்புக்குறியுமாக ஒரு படம் வரைந்திருந்தார்கள். வீடு உறுதியானதா? ஆம் எனில் வீட்டிலேயே இருக்கவும். இல்லை எனில் அருகிலுள்ள உறுதியான வீட்டுக்குச் செல்லவும். அருகில் உறுதியான வீடு உள்ளதா? இல்லை எனில் வீட்டிலேயே இருந்து, குழுவின் முடிவுக்குக் காத்திருக்கவும். ஞாருவேயில் உள்ளவை எல்லாம் மண் சுவர், ஓலைக் கூரை. எந்தக் கட்டத்தில் தொடங்கினாலும் அம்பு எங்களைக் கொண்டுபோய் வீட்டிலேயே உட்கார வைத்தது. நான் கைதூக்கி இதைக் கேட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் குழப்பமெல்லாம் வரும் என்றார் பொறியாளர்.

என் அக்கா ஃபெலிசார்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கும் குழப்பம் இருந்தது. அது வேறு வகை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆறு பெருகியபோது, நான் வெறும் தொண்டையால் கத்தியதைக் கேட்டு ஊரில் பாதிப் பேர் மேட்டுக்கு ஓடிவந்தார்கள். முதல் ஆளாக வந்தவள் அக்கா. தம்பி கத்துகிறானே, மரியாதைக்காவது போகவேண்டாமா என்று வந்தவள். ஒரு வாரம் கழித்து, பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுக்க அலுவலகத்திலிருந்து படகில் வந்தார்கள். வீட்டுக் கூரைமேலும் மரத்திலும் உட்கார்ந்திருந்தவர்களை 'பாதிக்கப்பட்டோர்' என்று எழுதினார்கள். மேட்டில் இருந்த எங்களைப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் காய்ந்திருந்தது. 'சொந்த விருப்பத்தில் இடம் மாறியோர்' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடம்பிடித்து வீட்டில் கிடந்தவர்களுக்கெல்லாம் கூரைத் தகரமும் மண்வெட்டியும் சோள விதையும் வந்தன. சொன்ன பேச்சைக் கேட்டவர்களுக்கு ஒன்றுமில்லை.

"உன் பேச்சக் கேட்டு ஓடி வந்த பாவத்துக்கு இன்னும் ஓலைக்கடியிலதான்டா படுத்திருக்கேன்," என்று ஒவ்வொரு மழைக்கும் அக்கா சொல்லிக் காட்டுவாள். "எதிர்வீட்டுக்காரன பாரு. குடிச்சிட்டு எந்திரிக்க முடியாமக் கிடந்தான். அவன் வீட்டுல இன்னிக்கு தகரம் மின்னுது."

இந்த முறைகேட்டைப் பற்றி எழுபது பேர் கைநாட்டு வைத்த மனு ஒன்று மாவட்டத்துக்குப் போனது. பதிலாக விதியைத் திருத்தினார்கள். சிவப்புக் கொடி ஏறிய பிறகு கிளம்புகிறவர்கள் இனி 'முறைப்படி வெளியேறியோர்'. அவர்களுக்குத் தகரம் உண்டு. கொடி ஏறுவதற்கு முன்பே கிளம்புகிறவர்கள் பழையபடி சொந்த விருப்பம்தான். எங்கள் ஊர்ச் செயலாளர் பல்தசார் இதைப் படித்துக் காட்டியதும் ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன் என்று ஞாபகம்.

அதற்கப்புறம் ஞாருவேயில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்து மேட்டில் நிற்கும் கம்பத்தைத்தான் பார்ப்பார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஒத்திகை நடக்கும். ஒத்திகையில் எதுவும் பிசகியதில்லை, ஏனென்றால் ஆறு அதில் கலந்துகொள்வதில்லை. மாவட்டத்திலிருந்து டீ-ஷர்ட், பிஸ்கட், ஆரஞ்சு பானம் எல்லாம் வரும். போன வருஷ ஒத்திகையில் அக்காதான் வெள்ளத்தில் சிக்கிய பெண். இடுப்பு வலியால் அவள் நொண்டி நடப்பதைப் பார்த்த பொறியாளர், நடிப்பு இயல்பாக இருக்கிறது என்று மெச்சினார். நான்கு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு காய்ந்த புல்வெளியில் ஓடினார்கள். "மெதுவாடா, நிஜமாவே கொன்னுடுவீங்க போலிருக்கே," என்று அவள் வழியெல்லாம் திட்டியதை மட்டும் அறிக்கையில் சேர்க்கவில்லை.

பிறகு மார்ச் மாதம் வந்தது. சோளம் முற்றி நின்றது. செவ்வாய்க்கிழமை நீலம் ஏற்றினேன். புதன்கிழமை மஞ்சள். வியாழக்கிழமை காற்று வந்து பள்ளிக்கூடத்துக் கூரையில் பாதியையும் தொலைபேசிக் கோபுரத்தையும் எடுத்துக்கொண்டு போனது. மஞ்சள் கொடியும் போய்விட்டது. நல்லவேளை, நீலத்தை மடித்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காற்று ஓய்ந்தது. மழை ஓயவில்லை. மலைப்பக்கம் வானம் கறுப்பாகவே நின்றது. காற்று போய் இரண்டு நாளில் ஆறு வரும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சிவப்புக் கொடி கேட்டு மாவட்டத்துக்கு எழுதுவது என்று குழு கூடியது. கொடி கேட்கும் கடிதத்துக்கு ஏழு உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். ஆறு பேர்தான் வந்திருந்தோம். ஏழாவது உறுப்பினரின் வீட்டுச் சுவர் சரிந்து அவர் காலிலேயே விழுந்திருந்தது. அவர் வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் அவரைப் படுக்க வைத்துத் தூக்கி வந்தோம். பதிவேட்டிலும் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டதும் திரும்பத் தூக்கிக்கொண்டுபோய் விட்டோம். போட்ட கையெழுத்துக்கு மேலே கடிதத்தில் என்ன எழுதுவது என்று அதன் பிறகுதான் பேச உட்கார்ந்தோம்.

'கோருகிறோம்' போதுமா, 'பணிவுடன் கோருகிறோம்' என்று வேண்டுமா என்பதில் ஒரு மணி நேரம் போனது. 'மிகவும் பணிவுடன்' என்று போட்டால் ஆபத்து அவ்வளவாக இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று நான் கேட்டேன். செயலாளர் பல்தசார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்தாள். தலையில் சாக்கு, கையில் வாழையிலைப் பொட்டலம். மழையில் அவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டே வந்திருந்தாள்.

"செலஸ்தீனோ, கிளம்பவா, இருக்கவா? அத மட்டும் சொல்லு. நான் போய் அடுப்பப் பாக்கணும்."

"அதத்தான் பேசிக்கிட்டிருக்கோம் அக்கா."

"காலையிலேருந்தா?"

"காலையில ஆளுக்காகக் காத்திருந்தோம். மத்தியானத்துக்கு மேலதான் பேச ஆரம்பிச்சோம்."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "அம்மா, பொதுமக்கள் கேள்வி நிகழ்ச்சி நிரல்ல கடைசியில வருது. அதுவரைக்கும் வெளிய உக்காருங்க."

"கடைசின்னா எப்பங்க தலைவரே? தண்ணி வந்து உங்க நாற்காலி மிதக்கும்போதா?"

குழுவில் போர்வைக்கும் பாத்திரத்துக்கும் பொறுப்பான லாவுரிந்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், மேட்டிலேயே இருக்கிறது. "ஃபெலிசார்தா, இவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள உனக்குப் பேரன் பொறந்துடுவான். பேசாம என் வீட்டுக்கு வா. பாய் இருக்கு, கஞ்சி இருக்கு."

"வரலாம்டி. அப்புறம் கணக்கெடுக்க வர்றவன் 'சொந்த விருப்பம்'னு எழுதிட்டுப் போவான். இன்னும் நாலு வருஷம் ஓலையா? என் இடுப்புக்கு இனிமே கூரை ஏறி ஓலை மாத்த முடியாதும்மா."

அவள் கேட்டது என்னை. நான் கையேட்டைப் புரட்டினேன். ஏன் புரட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான்காம் பக்கம் எனக்கு மனப்பாடம்.

"கொடி ஏறினதும் உடனே கிளம்பிடு அக்கா," என்றேன்.

"ஏறலேன்னா?"

"நாளைக்குக் காலையில ஏறிடும்."

அவள் என் மேலங்கியின் காலரை நேராக்கி விட்டாள். "பந்தாட்டத்துலயும் நீ இப்படித்தான். கோல் விழுந்து எல்லாரும் ஆடி முடிச்சப்புறம்தான் ஊதுவ. சரி, நீ ஏத்து, நான் வர்றேன். வேற எவன் சொல்லியும் கிளம்ப மாட்டேன்." பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். தேங்காய்ப் பணியாரம். "அந்தத் தலைவருக்கும் ரெண்டு குடு. பசியில பேசுறாரு, பாவம்."

அவள் போன பிறகு பொட்டலம் குழுவுக்குள் சுற்றி வந்தது. கடிதத்தில் 'பணிவுடன்' என்றே போடுவது என முடிவானது. மோட்டார் சைக்கிளில் ஆள் போனான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சேற்றில் இரண்டு தடவை சிக்கி மீண்ட ஜீப்பில், பொறியாளர் எர்மெனெஜில்தோ சிவப்புக் கொடியோடு நேரில் வந்து இறங்கினார். இருபது வருஷத்தில் இந்த மாவட்டத்தில் சிவப்பு ஏறுவது இதுதான் முதல் தடவையாம். அதை மோட்டார் சைக்கிள்காரனிடம் கொடுத்தனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. கூடவே ஒரு புகைப்படக்காரரையும் அழைத்து வந்திருந்தார்.

மாவட்டத்திலிருந்து வருகிறவரை எங்கள் பக்கம் சும்மா வரவேற்க முடியாது. பெண்கள் ஒரே மாதிரித் துணி கட்டிப் பாடவேண்டும். பிறகு ஊர்ப் பொறுப்பில் இருக்கிற ஒவ்வொருவரும் எழுந்து, பெயரும் பதவியும் சொல்லி, கையசைத்து உட்காரவேண்டும். மொத்தம் பத்தொன்பது பேர். காலில் சுவர் விழுந்தவரை மறுபடியும் கதவில் தூக்கி வந்திருந்தோம். அவர் படுத்தபடியே கையசைத்தார். அடுத்து ஊர்ப் பெரியதலைவர் முன்னோர்களுக்கு மாவைத் தூவி, சாராயத்தைத் தரையில் ஊற்றி, அனுமதி கேட்டார். அது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அன்றைக்கு நேரத்தின் அருமை தெரிந்தவர்கள் செத்துப்போனவர்கள் மட்டும்தான்.

பத்து மணிக்குப் பொறியாளர் பேச எழுந்தார்.

"அன்பான ஞாருவே மக்களே, தண்ணீர் யாரையும் கொல்வதில்லை. ஒழுங்கின்மைதான் கொல்கிறது. எங்கள் அலுவலகம் இருபது ஆண்டுகளில் ஒரு பொய் எச்சரிக்கைகூட விட்டதில்லை. இது எப்படிச் சாத்தியமாயிற்று? அவசரப்பட்டு எச்சரிக்கை விடும் பழக்கமே எங்களிடம் இல்லை. மேல்பகுதியில் ஆற்றின் அளவுகோலே நேற்று மூழ்கிவிட்டது. அளவு தெரியாத நிலையிலும் நாங்கள் பதறவில்லை. அளவு தெரிந்தால்தானே பதறுவதற்கு?"

எல்லோரும் கைதட்டினார்கள். மேட்டின் விளிம்பில் நின்றிருந்த லாவுரிந்தா மட்டும் தட்டவில்லை. அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவிலேயே என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்: "சோளக்காட்டுப் பாதையில தண்ணி நிக்குது."

"எவ்வளவு?"

"இப்ப முட்டிக்கு இருக்கும்."

நான் செயலாளரிடம் சொன்னேன். அவர் ஒரு சீட்டில் எழுதிப் பொறியாளருக்கு அனுப்பினார். பொறியாளர் சீட்டைப் படித்து, தலையாட்டி, பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கொடி ஒப்படைக்கும் நிகழ்ச்சி. அவர் நீட்டினார், நான் வாங்கினேன். புகைப்படக்காரர் இன்னொரு தடவை வாங்கச் சொன்னார். பெற்றுக்கொண்டதற்கு மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டேன். மழையில் மை கரைந்ததால் மூன்றாவது பிரதியை மட்டும் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

கயிற்றில் கொடியை முடிந்துகொண்டிருந்தபோது லாவுரிந்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"செலஸ்தீனோ, வேணாம். இனிமே ஏத்தாத."

"என்ன சொல்ற நீ?"

"கீழ பாரு. பாதையே இல்ல, ஆறுதான் ஓடுது. நேத்து ஏத்தியிருந்தா சரி. இப்ப அவங்க கறையான் புத்து மேலயோ மரத்துலயோ ஏறி உக்காந்திருப்பாங்க. இந்தக் கொடியப் பாத்தா இறங்கி வருவாங்க. இனிமே வீட்டுப் பக்கம் இருக்கிறவங்கதான் பொழைப்பாங்க."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எனக்கே அது தெரிந்தது. பொறியாளருக்குக் கேட்கும்படி, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்: "ஐயா, பாதை முழுகிடுச்சு. இப்ப ஏத்தினா ஜனங்க தண்ணியில இறங்கிடுவாங்க."

பொறியாளர் கோபப்படவில்லை. ரொம்பப் பொறுமையாகவே சொன்னார். "தம்பி, ஏத்தணும்னு கேட்டு ஏழு பேர் கையெழுத்துப் போட்டு எழுதினது நீங்க. ஏத்த வேண்டாம்னா அதுக்கும் ஏழு கையெழுத்து வேணும். கொடி இல்லாம ஜனங்க செத்தா யாரு பதில் சொல்றது? நானா, நீயா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புகைப்படக்காரர் முழங்கால் போட்டு உட்கார்ந்து கேமராவைத் தயாராக வைத்திருந்தார். நான் ஆரஞ்சு மேலங்கி போட்டிருந்தேன். வேறு என்ன சமாதானம் சொன்னாலும் பொய்யாகிவிடும், அதனால் இதோடு விட்டுவிடுகிறேன். கயிற்றை இழுத்தேன். மூன்று நாளாக எதையும் ஒழுங்காகப் பறக்கவிடாத காற்று, அந்தக் கொடியை அகலமாக விரித்துக் காட்டியது. பெண்கள் பாடினார்கள்.

அக்கா வீட்டுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும் ஒரு கறையான் புற்று. அன்றைக்கு அதன்மேல் அக்காவும், எதிர்வீட்டுக் குடிகாரர் ஷவியேரும், ஐந்து வாத்துகளும் இருந்தார்கள். இதெல்லாம் ஷவியேர் பிறகு சொன்னது. அவர் மூன்று நாளாகக் குடிக்காமல் இருந்தார், நம்பலாம்.

"நல்லாதான்யா உக்காந்திருந்தோம். தண்ணி புத்துக்குப் பாதிதான் இருந்துச்சு. உங்கக்கா என்னையக் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தா. 'தகர வீட்டு முதலாளி, உன் தகரம் போவுது பாரு'ன்னா. அப்பதான் கொடி ஏறுச்சு. எந்திரிச்சா, துணிய இடுப்புல தூக்கிச் சொருகுனா. நான் சொன்னேன், 'போவாத, தண்ணி இழுக்குது'ன்னு. 'என் தம்பி ஏத்தியிருக்கான்யா, அவனுக்கு அங்கேருந்து எல்லாம் தெரியும்'னா. இறங்கிட்டா."

அந்தப் புற்று கடைசிவரை மூழ்கவில்லை. ஷவியேரை மறுநாள் படகில் கூட்டிவந்தார்கள். வாத்துகளும் ஐந்தும் வந்து சேர்ந்தன. அக்காவை மூன்றாம் நாள் நெல் வயல் வரப்பில் கண்டுபிடித்தோம். இடுப்பில் சொருகிய துணி அவிழாமல் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, பள்ளிக்கூடத்தின் மீதிப் பாதிக் கூரையின் கீழ் மதிப்பீட்டுக் கூட்டம் நடந்தது. ஞாருவே ஒரு முன்மாதிரி ஊர் என்றார் பொறியாளர். அட்டவணையை வாசித்தார்கள். கொடி ஏறியபின் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் முப்பத்தொரு பேர். எல்லோரும் 'முறைப்படி வெளியேறியோர்'. போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்க அட்டவணையில் கட்டம் இல்லை. அக்கா பதினேழாவது பெயர். அவள் பெயருக்கு எட்டுத் தகரம் ஒதுக்கியிருந்தார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சுவர் இல்லாத இடத்தில் தகரத்தை எப்படி வைப்பது என்று தெரியாமல், தரையில் அடுக்கிவிட்டு வந்தேன்.

முடிவில் செயலாளர் கூட்டக் குறிப்பை வாசித்து, யாருக்காவது திருத்தம் உண்டா என்று கேட்டார். வழக்கமாக யாருக்கும் இருக்காது.

நான் எழுந்தேன். என்ன பேசுவது என்று மூன்று வாரமாக யோசித்து வைத்திருந்தேன். பொறியாளரைப் பற்றி, ஏழு கையெழுத்தைப் பற்றி, பையில் போன சீட்டைப் பற்றி. எழுந்ததும் எல்லாம் போய்விட்டது.

"எங்கக்கா புத்து மேல பத்திரமா இருந்தாங்க ஐயா," என்றேன். "நான் ஏத்தின கொடியப் பாத்துட்டுத்தான் இறங்கினாங்க. அத எழுதிக்குங்க."

லாவுரிந்தா முகத்தை மூடிக்கொண்டாள். செயலாளர் பல்தசார் குனிந்து எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். எழுதி முடித்து, விதிப்படி உரக்க வாசித்தார்:

"ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து கொடி தெளிவாகத் தெரிந்ததை உறுப்பினர் செலஸ்தீனோ உறுதிப்படுத்தினார்."

பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது முக்கியமான தகவலாச்சே. மத்த ஊருக்கெல்லாம் உதவும். கம்பத்துலேருந்து உங்கக்கா வீடு எவ்வளவு தூரம் இருக்கும் தம்பி?"

"ஒன்னேகால் கிலோமீட்டர்," என்றேன்.